கலப்பு மோட்டார் வண்டியும் அதன் மின்கலமும்

இலங்கையில் பாவித்த மோட்டார் வண்டி ஒன்றை வாங்கப் புறப்படுவோர் பெரும்பாலும் ஒரே வகையான சோதனைகளையே செய்வர். வண்டியைச் சுற்றி நடந்து வர்ணத்தைப் பார்ப்பர். ரயர்களைத் தடவிப் பார்ப்பர். எஞ்சின் மூடியைத் திறந்து எண்ணெய்க் கசிவு உண்டோ எனக் குனிந்து நோக்குவர். தூரமானியில் உள்ள எண்ணைப் படித்து அதில் பாதியை நம்புவர். பெற்றோல் வண்டிகளோடு நெடுங்காலம் பழகியதனால் விளைந்த அறிவு இது, குறை கூறத்தக்கதன்று. ஆயினும் ஹைபிரிட் எனப்படும் கலப்பு வண்டி வந்த பின்னர் இச்சோதனைகள் போதாதனவாயின. அவ்வண்டியின் விலைமிக்க உறுப்புக்களுள் ஒன்று, பின் ஆசனத்தின் கீழோ அதற்குப் பின்னாலோ உலோகப் பெட்டியொன்றுள் அடைபட்டுக் கிடக்கின்றது. அது ஓசை எழுப்புவதில்லை; புகைவதில்லை. முகப்புப் பலகையில் ஒரு நாள் சிவந்த முக்கோண விளக்கு எரியும்வரை, அது முதுமை எய்தியதைப் பல உரிமையாளர் அறியார். லீசிங் தவணை இன்னும் மூன்று ஆண்டுகளுக்கு எஞ்சியிருக்கும் ஒரு குடும்பத்திற்கு அவ்விளக்கு சிறிய செய்தி அன்று.

இப்பெட்டியின் கதையை அறிய வேண்டுமாயின் 1859 ஆம் ஆண்டிற்குச் செல்லுதல் வேண்டும். பிரான்சு நாட்டின் கஸ்தோன் பிளான்டே என்பார், ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க மின்கலத்தை அவ்வாண்டில் ஆக்கினார். அதற்கு நாற்பது ஆண்டுகளின் பின்னர் வீயன்னா நகரில் லோனர் என்னும் வண்டி உற்பத்தியாளரிடம் பணி புரிந்த இளம் பொறியியலாளர் பேர்டினண்ட் போர்ஷே, பெற்றோல் எஞ்சினையும் மின்கலத்தையும் ஒரே வண்டியில் இணைத்தார். எஞ்சின் மின்னைப் பிறப்பிக்க, சக்கரங்களின் குடத்தில் அமைந்த மோட்டர்கள் வண்டியை ஓட்டின. 1900 ஆம் ஆண்டில் உருவான அவ்வண்டிக்குச் ‘செம்பர் விவஸ்’ என இலத்தீனில் பெயரிட்டனர். ‘என்றும் உயிருள்ளது’ என்பது அதன் பொருள். பெயர் அவ்வாறிருப்பினும், ஈய மின்கலங்கள் நெடுநாள் உயிர் தரித்திருக்கும் இயல்பின அல்ல. அடியோடு வெறுமையாகும்வரை மின்னை எடுத்தால் தகடுகள் கெடும்; வீதியின் அதிர்ச்சியால் உதிரும்; நிறையோ மிகப் பெரிது.

இக்குறையைத் தீர்க்கப் பலர் முயன்றனர். சுவீடன் நாட்டின் வால்டமார் யுங்னர் 1899 இல் நிக்கல்–கட்மியம் மின்கலத்தை உருவாக்கினார். அமெரிக்காவில் தோமஸ் அல்வா எடிசன் நிக்கலையும் இரும்பையும் கொண்டு தாமும் ஒன்றைச் செய்து, பெரும் ஆரவாரத்துடன் விற்பனைக்கு விட்டார். அவற்றுட் பல கசிந்தன, கொள்ளளவை இழந்தன. எடிசன் விற்பனையை நிறுத்தி, மேலும் சில ஆண்டுகள் உழைத்து, 1909 இல் திருத்திய மின்கலத்தை வெளியிட்டார். அது உறுதியானது, ஆனால் காலம் கடந்துவிட்டது. 1912 இல் சார்ள்ஸ் கெற்றறிங் அமைத்த மின் ஸ்டார்ட்டர் கடிலாக் வண்டிகளில் வந்தது. கையால் சுழற்றும் தொல்லை நீங்கியதும், பெற்றோல் வண்டியை எதிர்க்க மின் வண்டிக்கு இருந்த சிறந்த வாதம் ஒன்று மறைந்தது. மின்கலம் எஞ்சினை எழுப்பும் வேலைக்காரனாக ஒரு மூலையில் ஒதுக்கப்பட்டது.

அந்நிலை அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. 1973 ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியை அடுத்த காலத்தில் விக்டர் வூக் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் பியூயிக் வண்டியொன்றைக் கலப்பு வண்டியாக மாற்றிக் காட்டினார்; அரசாங்கம் அதனை மேற்கொண்டு ஆதரிக்கவில்லை. உண்மையான திருப்பம் நிக்கல்–உலோக ஐதரைட்டு மின்கலத்தால் ஏற்பட்டது. ஐதரசனைத் தன்னுள் உறிஞ்சிப் பின் விடுவிக்கும் கலப்புலோகமே இதன் உயிர்நிலை. அதனை வாகனங்களுக்கு ஏற்றவாறு வளர்த்தவருள் முதன்மையானவர் ஸ்டான்போர்ட் ஒவ்ஷின்ஸ்கி. பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பயின்று பெறாதவர், இயந்திரத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கியவர்.

யப்பானில் ரொயோட்டா நிறுவனம் 1993 ஆம் ஆண்டில் இருபத்தோராம் நூற்றாண்டுக்குரிய வண்டி ஒன்றை ஆக்கும் திட்டத்தைத் தொடங்கியது. தலைமைப் பொறியியலாளர் தக்கேஷி உச்சியமாதா. 1995 நவம்பரில் ஆயத்தமான முதற் சோதனை வண்டி நாற்பத்தொன்பது நாட்கள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. பின்னர் அசைந்தபோதும் சில நூறு மீற்றருக்கு மேல் ஓடவில்லை. மின்கலமே பெருந் தொல்லை கொடுத்தது. வெயிலிலும் அது செயலிழந்தது, குளிரிலும் செயலிழந்தது. நிறுவனத்தின் உயர் அதிகாரிகள் வண்டியை ஓட்டிப் பார்த்தபோது, பொறியியலாளர் ஒருவர் பக்கத்து ஆசனத்திலிருந்து கணினித் திரையில் மின்கலத்தின் வெப்பநிலையைக் கண் இமையாமல் கவனித்துக்கொண்டிருக்க நேர்ந்தது. தீப்பற்றிவிடுமோ என்ற அச்சமே காரணம். இந்நிலையிலும் தலைவர் ஹிரோஷி ஒக்குடா காலவரையறையை முன்னுக்கு இழுத்தார். மற்சுஷித்தா நிறுவனத்தோடு இணைந்து, மின்கலம் செய்வதற்கென்றே 1996 இல் புதிய கூட்டு நிறுவனம் அமைக்கப்பட்டது. 1997 டிசம்பரில் பிரியஸ் வண்டி யப்பானில் விற்பனைக்கு வந்தது. விலை 21 இலட்சத்து 50 ஆயிரம் யென்.

அப்பொறியியலாளர்கள் கண்டுபிடித்த சூழ்ச்சி யாதெனில், மின்கலத்தை அதன் முழு வலிமைக்கு ஒருபோதும் வேலை வாங்காமையே. வன்னிப் பெருங்குளம் ஒன்றைக் காக்கும் அனுபவசாலி, நீரைக் கலிங்கு மேவிப் பாயவும் விடான், அடிச்சேறு தெரிய இறைக்கவும் விடான். அவ்வாறே பிரியஸ் வண்டியின் கணினி, மின்கலவடுக்கின் ஏற்றத்தை ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பதுக்கும் எண்பதுக்கும் இடையிலேயே வைத்திருக்கின்றது. 2003 ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டாந் தலைமுறைப் பிரியஸ் வண்டியில் 168 கலங்கள், ஆறாறாகச் சேர்க்கப்பட்டு 28 தொகுதிகளாகத் தொடரில் இணைந்துள்ளன, மொத்தம் 201.6 வோல்ற்று. 2011 இறுதியில் வந்த அக்குவா வண்டியில் இருபது தொகுதிகள், 144 வோல்ற்று.

தொடரில் இணைந்தமையே இவ்வடுக்கின் பலமும் பலவீனமும் ஆகும். ஒரே மின்னோட்டம் எல்லாக் கலங்களின் ஊடாகவும் செல்ல வேண்டும். ஆகவே மெலிந்த கலம் ஒன்று முதலில் வெறுமையாகும். முதலில் நிரம்பிச் சூடேறும். ஏனையவை நலமாக இருப்பினும் அடுக்கு முழுவதும் அந்த ஒன்றின் அளவுக்கே இயங்க நேரும். நடுவில் உள்ள தொகுதிகளுக்குக் காற்று குறைவாகக் கிடைப்பதால், பெரும்பாலும் அவையே முதலில் தளர்வன.

முறையாக வாழ்ந்த மின்கலம் நெடுநாள் உழைக்கும் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்க நுகர்வோர் சஞ்சிகையான ‘கொன்சியூமர் ரிப்போட்ஸ்’, ஏறத்தாழ 2 இலட்சத்து 8 ஆயிரம் மைல் ஓடிய 2002 ஆம் ஆண்டுப் பிரியஸ் வண்டியொன்றை 2011 இல் சோதித்தது. கலனுக்கு 40.4 மைல் கிடைத்தது. பத்தாண்டுகளுக்கு முன் புதிய வண்டியில் கிடைத்தது 40.6 மைல். பத்தாண்டில் மின்கலம் செத்துவிடும் என அடித்துச் சொல்வோர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

மறுபுறத்துச் சான்றும் உண்டு. 2006 முதல் 2008 வரையான ஹொண்டா சிவிக் கலப்பு வண்டிகள் பலவற்றில் மின்கலங்கள் எதிர்பார்த்த காலத்திற்கு முன்பே தளர்ந்தன. 2010 இல் நிறுவனம் அவற்றின் கணினிக் கட்டளைகளை மாற்றியது. மின்கலத்தின் சுமை குறைந்தது. ஆனால் அச்சுமையை எஞ்சின் ஏற்க நேர்ந்ததால் எரிபொருட் சிக்கனமும் குறைந்ததென உரிமையாளர் பலர் முறையிட்டனர். கலிபோர்னியாவில் பெண்மணி ஒருவர், விளம்பரம் கூறிய அளவுக்குத் தம் வண்டி ஓடவில்லை என வழக்கறிஞர் எவருமின்றிச் சிறு வழக்கு மன்றத்தில் தாமே வாதாடி, 2012 பெப்ரவரியில் 9,867 டொலர் நட்டஈடு பெற்றார். நிறுவனம் மேன்முறையீடு செய்ய, மே மாதத்தில் அத்தீர்ப்பு மாற்றப்பட்டது. முடிவு எவ்வாறாயினும் வழக்கு ஓர் உண்மையை வெளிக்கொணர்ந்தது: மின்கலத்தின் ஆயுளும் எரிபொருட் சிக்கனமும் ஒரே பணப்பையிலிருந்து செலவாகும் இரு செலவுகள். பாவித்த வண்டியை வாங்குவோன், அப்பையில் முன்னைய உரிமையாளர் எவ்வளவை மிச்சம் வைத்தார் என்பதை அறியான்.

பொருளியலறிஞர் ஜோர்ஜ் அக்கலொப் 1970 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைப் பற்றியதே. பாவித்த வண்டிச் சந்தையில் விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாது; ஆதலால் வாங்குபவன் நல்ல வண்டிக்கும் நடுத்தர விலையே கொடுப்பான்; நல்ல வண்டி வைத்திருப்பவர் சந்தையை விட்டு விலகுவர் என அவர் காட்டினார். 2001 இல் நோபெல் பரிசு பெற்றோருள் அவரும் ஒருவர். அவர் எழுதிய காலத்தில் கலப்பு வண்டி சந்தையில் இல்லை. இருந்திருப்பின் அவருக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைத்திராது.

இனி இலங்கையின் நிலை. 2010 ஐ அடுத்த ஆண்டுகளில், கலப்பு வண்டிகளுக்கு இருந்த வரிச் சலுகையினால், யப்பானில் ஓடிய பிரியஸ், அக்குவா, ஹொண்டா பிற், வெசெல் முதலியன கொழும்புத் துறைமுகத்தில் பெருந்தொகையாக வந்திறங்கின. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியை முன்னிட்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் நாட்டிலிருந்த பழைய வண்டிகளே கை மாறிக் கை மாறி விலையேறின. வண்டியின் வயதோடு விலையும் ஏறிய விந்தையை வேறு நாட்டினர் எளிதில் நம்பார். அவ்வாண்டுகளின் முடக்கங்கள் மின்கலத்தையும் தாக்கின. நிறுத்தி வைத்த வண்டியில் ஒவ்வொரு கலமும் தன்பாட்டில் மின்னை இழக்கின்றது. ஆனால் எல்லாம் ஒரே அளவில் இழப்பதில்லை. மாதக்கணக்கில் ஓடாது நின்ற வண்டியின் அடுக்கு, சமநிலை குலைந்தே விழிக்கும். 2022 யூலையில் எரிபொருள் அட்டை முறையில் மோட்டார் வண்டிக்கு வாரத்துக்கு 20 லீற்றர் எனப் பங்கிடப்பட்டபோதும் பல வண்டிகள் வீட்டு முற்றத்திலேயே நின்றன. ஆகவே குறைவாக ஓடியமை மட்டும் நற்சான்று ஆகாது. தூரமானி சக்கரத்தின் கணக்கையே சொல்லும்.

வெப்பம் இரண்டாவது பகை. வெப்பநிலை உயர உயர நிக்கல் மின்கலத்தின் உட்சிதைவு விரைவுபடும், மின்னேற்றமும் வீணாகும். இதற்காகவே அடுக்குக்குக் குளிர்காற்று ஊட்டும் விசிறியும், பின் ஆசனத்தருகே காற்றுத் துவாரமும் அமைக்கப்பட்டுள்ளன. கதிர்காமத்திற்கோ நல்லூர்த் திருவிழாவுக்கோ புறப்படும் குடும்பம் பைகளையும் பாயையும் அத்துவாரத்தின் மேலேயே அடுக்கிவிடும். நாட்டு வீதிகளின் தூசியும் உரோமமும் விசிறியில் படிந்து கம்பளம் போலாகும். அதனைக் கழற்றித் துப்புரவு செய்தல் சிறு செலவு. செய்யாது விடுதல் பெருஞ் செலவு.

வாங்குவோர் சிலவற்றைத் தாமே காணலாம். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கையில் வண்டியைப் பார்த்தல் நன்று. பின்னர் குளிரூட்டியை இயக்கி, கடுகண்ணாவை போன்ற ஏற்றத்தில் ஏற்றி இறக்க வேண்டும். மின்கல அளவைக் காட்டும் கோடுகள் சில நிமிடத்தில் உச்சிக்கும் அடிக்கும் தாவுமாயின், அடுக்கின் கொள்ளளவு சுருங்கிவிட்டது என்க. பின்னாலுள்ள விசிறி ஓயாது இரைவதும், நின்ற இடத்தில் எஞ்சின் அடிக்கடி எழுந்து அடங்குவதும் நல்ல அறிகுறிகள் அல்ல. கராஜில் ஸ்கானர் கருவியைப் பொருத்தினால் ஒவ்வொரு பகுதியின் வோல்ற்றளவும் தனித்தனியே தெரியும். வண்டி நிற்கையில் அன்றி, உந்தி ஓடுகையில் அவை ஒத்திருக்கின்றனவா என்பதே கேள்வி.

விளக்கு எரிந்தபின் வழிகள் மூன்று. புதிய அடுக்கு வாங்குதல்; பஞ்சிகாவத்தை போன்ற இடங்களில் பழைய வண்டியிலிருந்து கழற்றியதை வாங்குதல்; கெட்ட தொகுதிகளை மட்டும் மாற்றுவித்தல். மூன்றாவது வழி மலிவானது, ஆகவே மக்கள் அதனையே நாடுவர். எனினும் முதிய இருபத்தாறோடு இளைய இரண்டைச் சேர்த்தால், சில மாதங்களில் இருபத்தேழாவது ஒன்று தளரக் காண்பர். கைதேர்ந்த மெக்கானிக் எல்லாத் தொகுதிகளையும் கழற்றி, ஏற்றி இறக்கி, கொள்ளளவு அளந்து, ஒத்தவற்றைச் சேர்ப்பார். அவ்வளவும் செய்தாரா என்பதை மூடிய பெட்டி சொல்லாது. பழைய வண்டியை விற்பதற்குச் சற்று முன் இவ்வாறு செப்பனிடுவோரும் உளர்.

ஓர் எச்சரிக்கை மறுபக்கத்தும் உரியது. இவ்வண்டிகளில் பெரிய அடுக்கேயன்றிச் சாதாரணப் பன்னிரண்டு வோல்ற்று ஈயப் பற்றரியும் உண்டு. பிரியஸ் வண்டியில் அது பின்புறத்தில் மறைந்திருக்கும். அது தளர்ந்தால் வண்டி உயிர்க்காது. முகப்பில் விளக்குகள் தாறுமாறாக எரியும். நடுங்கிய உரிமையாளர் ‘ஹைபிரிட் பற்றரி போய்விட்டது’ என்று எண்ணி, வந்த விலைக்கு வண்டியைக் கொடுத்துவிடுவதும் உண்டு. வாங்கியவர் மறுநாள் ஒரு சிறு பற்றரியை மாற்றி ஓட்டிச் செல்வார். அச்சிறு பற்றரி, பிளான்டே 1859 இல் அமிலத்தில் அமிழ்த்திய அதே ஈயத் தகடுகளின் வழிவந்ததே.