எடைக்குப் போட்டா முடிஞ்சுதா? கொடைக்கானல் பாதரசக் கதை

முதல்ல எங்க வீட்டுக் கதை. வாசல்ல ரொம்ப வருஷமா நின்ன ஸ்கூட்டரை அப்பா காயலான் கடைக்குப் போட்டார். கடைக்காரர் பேட்டரியைத் தனியா, மிச்சத்தைத் தனியா எடை பார்த்துக் காசு கொடுத்தார். ஆயிலை அங்கேயே மண்ணுல ஊத்திட்டார். ஆர்.சி. புக் இன்னும் எங்க பீரோவுலதான் இருக்கு. அதாவது, அரசாங்கக் கணக்குல அந்த வண்டி சாகலை. ஓனர் இன்னும் எங்க அப்பாதான்.

ஒரு பொருளை எடைக்குப் போட்ட பிறகு அதுக்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டுல ரொம்பப் பெரிய அளவுல கேட்ட ஊர், நாம ஏரியைச் சுத்தி சைக்கிள் ஓட்டப் போற கொடைக்கானல்.

அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன்ல ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் அது மூடப்பட்டு, இயந்திரங்கள் பழனி மலைக்கு வந்தன. பாம்பார் சோலைக்கு மேலே, செயின்ட் மேரீஸ் ரோட்டில் பாண்ட்ஸ் கம்பெனி அதை நடத்தியது. ஆமா, பவுடர் பாண்ட்ஸ்தான். பிறகு அந்தக் கம்பெனி யூனிலீவர் கைக்குப் போனது. 1998-ல் பாண்ட்ஸ் இந்தியா, ஹிந்துஸ்தான் லீவரோடு இணைந்தது.

தெர்மாமீட்டர் செய்யும்போது கண்ணாடி உடையும். உடைந்த கண்ணாடியில் பாதரசம் ஒட்டியிருக்கும். 2001 மார்ச் 7 அன்று, உள்ளூர் மக்களும் பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸும் சேர்ந்து ஒரு விஷயத்தை வெளியே கொண்டுவந்தார்கள். அந்தக் கண்ணாடி, ஊருக்குள்ளேயே மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடந்தது. போராடியவர்கள் சொன்ன கணக்கு 7.4 டன். கம்பெனி ஒத்துக்கொண்டது 5.3 டன், அதில் பாதரசம் 0.15 சதவீதம்.

0.15-ன்னா ரொம்பக் கம்மியா தெரியுதுல்ல? கால்குலேட்டரை எடுங்க. கம்பெனி சொன்ன கணக்கையே வெச்சுக்கிட்டாலும் கிட்டத்தட்ட 8 கிலோ பாதரசம். ஒரு தெர்மாமீட்டருக்கு 1 கிராம்னு வெச்சா, எட்டாயிரம் தெர்மாமீட்டரை ஒரே கடையில போட்டு உடைச்ச மாதிரி. பாதரசம் சாதாரண அறை வெப்பத்துலயே ஆவியாகும். அந்த ஆவி கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் கிடையாது.

சட்டம் இல்லாத காலமும் இல்லை அது. அபாயகரமான கழிவுகளுக்கான விதிகள் 1989-லேயே வந்துவிட்டன. தங்கள் சொந்த நடைமுறையை மீறித்தான் அந்தக் கண்ணாடி வெளியே போனது என்று கம்பெனியே சொன்னது. எனக்கு இதுதான் உறுத்துது. விதி இருந்தது, நடைமுறையும் இருந்தது. ஆனா தொழிற்சாலை கேட்டைத் தாண்டின பிறகு அந்த மூட்டை எங்கே போகுதுன்னு பார்க்க ஆள் இல்லை. சாஃப்ட்வேர்ல இதை லாக் இல்லாத சிஸ்டம்னு சொல்வோம்.

அந்த மாதமே தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு தூத்துக்குடியிலிருந்து கப்பலேறி, மறுசுழற்சிக்காக அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குப் போனது. பணக்கார நாட்டுக் குப்பை நம்ம துறைமுகத்துல இறங்குறதைத்தான் பார்த்திருக்கோம். இங்க கப்பல் ரிவர்ஸ்ல போச்சு.

தொழிலாளர்கள் காத்திருப்பு அதைவிட நீளம். வேலையால் உடல்நலம் கெட்டது என்று அவர்கள் சொன்னார்கள். கம்பெனி அதை மறுத்துக்கொண்டே வந்தது. 2015-ல் சோஃபியா அஷ்ரஃபின் ராப் வீடியோ வைரலானது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 2016 மார்ச்சில்தான் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு வந்தது. ஆலை மூடி பதினைந்து வருஷம்! மண்ணை எவ்வளவு சுத்தம் செய்வது என்ற சண்டை அதற்குப் பிறகும் ஓடியது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற அளவை ஏற்க முடியாது என்று எதிர்த்தவர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள்.

சரி, ஸ்கூட்டருக்கு வருவோம். வண்டியும் ஒருவகையில் அந்தக் கண்ணாடி மாதிரிதான். இரும்புக்கு விலை உண்டு. அதில் ஒட்டியிருக்கிற ஈயம், ஆசிட், ஆயில், ஏசி வாயு பற்றி எடைத் தராசுக்குத் தெரியாது. பழைய அமெரிக்கக் கார்களில் டிக்கி லைட் சுவிட்சில் பாதரசமே இருந்தது. அதை எடுக்காமல் காரை உருக்கினால் பாதரசம் நேரா புகைபோக்கி வழியா போகும்.

2021-ல் வந்த வாகன அழிப்பு மைய விதிகள் இந்த இடைவெளியைத்தான் பிடிக்கப் பார்க்கின்றன. பதிவு பெற்ற மையத்தில் வண்டியை ஒப்படைத்தால் ஒரு சான்றிதழ். திரவங்களையும் ஆபத்தான பாகங்களையும் முறையாகப் பிரித்து, வண்டியை அழித்த பிறகு இன்னொரு சான்றிதழ். 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் ஒரு படி மேலே போய், வண்டியைத் தயாரித்த கம்பெனியையும் பொறுப்பில் சேர்த்திருக்கின்றன. காயலான் கடைக்காரர் வீட்டு வாசலுக்கே வந்து கையில் காசு கொடுக்கிறார், மையத்துக்கு நாமதான் வண்டியைக் கொண்டுபோகணும். அதனால ஜெயிக்கப்போறது யாருன்னு என்னால சொல்ல முடியலை.

இந்த எபிசோடுக்குத் தயாராகும்போது, ஆர்.சி.யை ரத்து பண்ணலாம் வாங்கன்னு அப்பாவைக் கூப்பிட்டேன். "வண்டி எங்கேன்னு கேட்டா என்னடா சொல்றது?"ன்னார். ரெண்டு பேரும் அந்தக் கடைக்குப் போய்ப் பார்த்தோம். ஆயில் ஊத்தின இடத்துல மண்ணு மட்டும் இன்னும் கருப்பா இருந்தது.