அக்கெனாத்தென்: மறைப்பும் மீட்பும்

எகிப்து நாட்டைக் கி.மு. 14ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 17 ஆண்டுகள் ஆண்டவன் அக்கெனாத்தென். நான்காம் அமென்ஹோதெப் என்னும் பெயருடன் அரியணை ஏறிய அவன், அமுன் வழிபாட்டை ஒடுக்கி, ஞாயிற்று வட்டமாகிய அத்தென் ஒன்றையே போற்றினான். இன்று அமர்னா எனப்படும் இடத்தில் புதுத் தலைநகரும் கண்டான். பின்வந்தோர் அவன் பெயரைக் கல்லினின்றும் களைந்தனர். முதலாம் சேத்தி அபிடோஸ் கோயிலில் பொறித்த அரசர் வரிசையில், மூன்றாம் அமென்ஹோதெப்பை அடுத்து ஹோரெம்ஹெப்பே நிற்கின்றான். இங்ஙனம் மறைக்கப்பட்டவனை ஆய்வுலகம் எவ்வாறு கண்டது என்பதை ஈண்டு நோக்குவாம்.

அவனுடைய எல்லைக்கல் ஒன்றனைச் சிக்கார் என்னும் கிறித்தவத் துறவி 1714இல் கண்டார். ஆயினும் அதனைப் படிப்பார் அன்று இலர். 1822இல் சாம்போலியன் எகிப்திய எழுத்தின் மறை திறந்த பின்னரே வழி பிறந்தது. 1824இல் வில்கின்சனும், 1840களில் லெப்சியஸ் குழுவினரும் அமர்னாக் கல்லறைகளை ஆராய்ந்தனர். சிற்பங்களில் மன்னன் உடல் பெண்மைச் சாயல் கொண்டிருந்தமையின், அவனைப் பெண்ணோ என ஐயுற்றாரும் உளர். 1887இல் அங்குக் கிடைத்த ஆப்பெழுத்துக் களிமண் பலகைகள், பாபிலோன், மித்தன்னி முதலிய நாட்டரசரோடும் கானான் நாட்டுச் சிற்றரசரோடும் எகிப்து கொண்டிருந்த தொடர்பைப் புலப்படுத்தின. 1891–92இல் பீட்ரி அந்நகரை அகழ்ந்தார்.

ஞாயிற்றுப் பாடல்களை 1894இல் ஆராய்ந்த பிரெஸ்டெட், பின்னர் அம்மன்னனை வரலாற்றின் முதல் தனிமனிதன் எனப் போற்றினார். பிராய்டு 1939இல் வெளியிட்ட நூலில் அவன் சமயத்தை மோசேயோடு இணைத்தார். இம்மதிப்பீடுகளுக்குப் பெரிதும் அடிப்படையானவை மன்னன் அவைக்களத்தார் தம் கல்லறைகளில் பொறித்தவையே. புகழ்வதற்கென எழுந்த சான்றைக்கொண்டு ஒருவன் உள்ளத்தை அளத்தல் அரிது.

வேறுவகைச் சான்றினை அவன் பகைவரே காத்துத் தந்தனர் என்பது வியப்பிற்குரியது. ஹோரெம்ஹெப் கர்னாக்கில் அத்தென் கோயில்களை இடித்து, அவற்றின் சிறு கற்களைத் தான் எழுப்பிய கோபுரவாயில்களினுள் இட்டு நிரப்பினான். வெயிலும் காற்றும் படாமையால் ஆயிரக்கணக்கான கற்களில் சிற்பமும் வண்ணமும் எஞ்சின. 1966இல் தொடங்கிய திட்டமொன்று அவற்றைப் படமெடுத்துக் கணிப்பொறியின் துணையால் இணைக்க முயன்றது. அத்திட்டத்தைப் பின்னர் நடத்திய ரெட்போர்டு, 1984இல் வெளியிட்ட நூலில் அவனைக் கொடுங்கோன்மை மிக்கவனாகவே காட்டினார்.

1977 முதல் அமர்னாவில் அகழ்வாய்வு நடத்திய கெம்ப்பின் குழுவினர், 2006 முதல் 2013 வரை எளிய மக்களின் இடுகாட்டை ஆராய்ந்தனர். எலும்புகளில் உணவுக் குறையும், கடுஞ்சுமையால் நேர்ந்த முதுகெலும்புச் சிதைவும் காணப்பட்டன. இளமையிலேயே இறந்தோர் பலர். கோயிற் சிற்பங்களில் படையலுணவு குவிந்து கிடக்க, அந்நகரைக் கட்டியோர் பசித்திருந்தனர்.

எனவே, ஞானி என்றும் கொடுங்கோலன் என்றும் மாறிமாறி வந்த முடிபுகள், அவ்வக்காலத்துக் கிடைத்த சான்றின் இயல்பையும் ஆய்வாளர்தம் விருப்பத்தையும் ஒட்டியவை என்பது பெறப்படும். பாடலும் மடலும் கல்லும் எலும்பும் ஒன்றையொன்று திருத்துமாறு வைத்துக் காண்பதே மன்னனை அறியும் நெறி. அந்நெறியில்தான் அவன் குடிகளும் வரலாற்றில் இடம்பெறுவர்.