டெபியன் பதிப்புகளும் வெளியீட்டுக் காலமும்

திறமூல மென்பொருளின் புதிய பதிப்பு வெளியிடத்தக்க நிலையை எப்பொழுது எய்துகிறது என்னும் வினா, 1993ஆம் ஆண்டில் இயான் மர்டாக் தொடங்கிய டெபியன் இயங்குதளத்தின் வரலாறு முழுவதும் ஊடாடி நிற்கிறது. தன்னார்வலர்களால் உருவாக்கப்படும் இவ்வியங்குதளத்தில், ஆயத்தமானபின் வெளியிடுதலே நெறியாயிற்று. வெளியீட்டைத் தடுக்கும் கடும் வழுக்கள் தனியே கணக்கிடப்பட்டன. அவை நீங்காத பொதிகள் திருத்தப்பட்டன அல்லது பதிப்பிலிருந்து விலக்கப்பட்டன.

இந்நெறி தரத்தைக் காத்தது, காலத்தை இழந்தது. 3.0 பதிப்பு 2002 ஜூலையில் வெளிவந்தது, 3.1 பதிப்போ 2005 ஜூனில்தான் வந்தது. புதிய நிறுவுநிரலும் 11 கணிப்பொறிக் கட்டமைப்புகளுக்குரிய பொதிகளும் ஒருசேர ஆயத்தமாக வேண்டியிருந்தது. நிலைத்த பதிப்பை நம்பியோர் ஏறத்தாழ மூன்றாண்டுகள் பழைய மென்பொருள்களோடு காத்திருந்தனர். இதற்கிடையே, டெபியனை அடிப்படையாகக் கொண்டு 2004 அக்டோபரில் வெளிவந்த உபுண்டு, ஆறு திங்களுக்கொரு பதிப்பெனக் காலத்தை முன்னரே வரையறுத்துக்கொண்டது.

2009ஆம் ஆண்டில் டெபியன் இடைவழியொன்றைத் தேர்ந்தது. புதிய மாற்றங்களை ஏற்பதை நிறுத்தும் உறைவுக்காலம் ஈராண்டுக்கொருமுறை முன்கூட்டியே குறிக்கப்படும். வெளியீட்டு நாளோ வழுக்கள் களையப்பட்ட பின்னரே முடிவாகும். முதலில் 2009 டிசம்பருக்கெனக் குறிக்கப்பட்ட உறைவு 2010 ஆகஸ்டில்தான் நிகழ்ந்தது, 6.0 பதிப்பு 2011 பிப்ரவரியில் வெளிவந்தது. பணியை நிறுத்தும் நாளை நாட்காட்டிக்கும், வெளியிடும் நாளைத் தரத்திற்கும் ஒப்படைத்த இப்பகுப்பே, கூட்டுழைப்பால் வளரும் மென்பொருளுக்கு டெபியன் வரலாறு வழங்கும் படிப்பினை எனலாம்.