விளக்கு வெளிச்சத்தில் பழுத்த ஸ்ட்ராபெர்ரி

கும்பகோணத்தில் இருந்தவரை எனக்கு ஸ்ட்ராபெர்ரி என்றால் ஐஸ்கிரீமின் ரோஸ் நிறம்தான். பழத்தைக் கண்ணால் பார்த்ததே புனேவுக்கு மாற்றலாகி வந்த பிறகு. போன மாதம் அதே பழம் கடன் விண்ணப்பமாக என் மேஜைக்கு வந்தது. சாஃப்ட்வேர் வேலையை விட்ட ஒரு மராட்டிப் பையன். மூடிய கிடங்குக்குள் எல்.இ.டி. விளக்கில் ஸ்ட்ராபெர்ரி வளர்க்கப் போகிறானாம். ஈடு, அவன் அப்பா கட்டிய வீடு. "புத்தம்புது டெக்னாலஜி சாஹேப்" என்றான்.

நான் பி.காம். செடிகொடி சமாச்சாரமெல்லாம் பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் வீடு சம்பந்தப்பட்ட விஷயம் ஆயிற்றே என்று இரண்டு ஞாயிறு உட்கார்ந்து படித்தேன். புத்தம்புதுசு இல்லை, 140 வருஷத்துக்கு மேற்பட்ட கதை!

ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய பொறியாளர் வில்லியம் சீமென்ஸ், டன்பிரிட்ஜ் வெல்ஸ் அருகே தன் வீட்டுத் தோட்டத்தில் ஆர்க் விளக்கு ஏற்றிச் செடி வளர்த்தார். 1880-ல் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். அடுத்து வந்த குளிர்காலத்தில், டிசம்பர் மத்தியில் உள்ளே வைத்த ஸ்ட்ராபெர்ரி பிப்ரவரி 14-ல் பழுத்தது. நிறமும் ருசியும் அருமை என்று எழுதியிருக்கிறார். பட்டாணிக்கு இரவு பகலாக வெளிச்சம், ஞாயிறு இரவு மட்டும் விடுமுறை. (வங்கிக்காரனுக்குப் பிடித்த இடம்!) விளக்கை மறைப்பில்லாமல் வைத்தால் இலை கருகியது, நடுவே கண்ணாடி வைத்ததும் சரியானது.

பழுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சாதாரண ஸ்ட்ராபெர்ரி வகைகள் பகல் குறுகும் இலையுதிர்காலத்தில்தான் மொட்டுக்குத் தயாராகும். டிசம்பரில் உள்ளே போன செடியில் அந்த வேலை முடிந்திருக்கும். பகலின் நீளம் பூப்பதைத் தீர்மானிக்கிறது என்பதை கார்னர், அல்லார்டு என்ற அமெரிக்கர்கள் 1920-ல்தான் எழுதினார்கள். அதாவது, அதிக வெளிச்சம் என்றால் அதிகப் பழம் என்று அர்த்தமில்லை.

தரத்திலும் அப்படித்தான். சிவப்பு எல்.இ.டி. 1962-லும் பிரகாசமான நீலம் 1990-களிலும் வந்த பிறகு நிறத்தைப் பிரித்துக் கொடுக்க முடிந்தது. நீல ஒளி பழத்தின் சிவப்புச் சாயத்தைக் கூட்டுகிறது. ஆனால் சிவந்த பழமெல்லாம் இனித்துவிடாது. இனிப்பு, இலை தயாரிக்கும் சர்க்கரையிலிருந்து வருகிறது. அதற்கு மொத்த வெளிச்சமும் வேண்டும், குளிர்ந்த இரவும் வேண்டும், நல்ல ரகமும் வேண்டும். பறித்த பிறகு நிறம் ஏறலாம், இனிப்பு ஏறாது.

எனக்கு உறைத்தது சீமென்ஸின் கணக்குதான். ஆறு குதிரைத்திறன் நீராவி எஞ்சின் அவருடையது. வெளியேறும் நீராவியைக் கண்ணாடி வீட்டைச் சூடாக்கத் திருப்பிவிட்டார். பகலில் அதே மின்சாரத்தில் மரம் அறுத்தார், தண்ணீர் இறைத்தார். வெப்பம் அவருக்கு வரவுப் பக்கம்.

புனேவில் அது செலவுப் பக்கம். விளக்குக்குக் கொடுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் அறைச் சூடாகத்தான் முடியும். அதை வெளியேற்ற ஏ.சி.க்கு மறுபடி மின்சாரம். இங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் மகாபலேஷ்வர். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெயிலும் குளிரும் அங்கே இலவசம். அமெரிக்காவில் பெரிய முதலீட்டோடு நடந்த பிளென்டி நிறுவனமே 2025 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கேட்டது. ஆனாலும் அது கைவிடாமல் வைத்துக்கொண்ட பயிர் ஸ்ட்ராபெர்ரி!

ஆகவே பையன் முட்டாள் இல்லை. அவனுடைய அறிக்கையில் பன்னிரண்டு மாதமும் ஒரே விலை போட்டிருந்ததுதான் தப்பு. மகாபலேஷ்வர் பழம் வராத மழைக்காலம்தான் அவன் சந்தை. "ஏ.சி. யூனிட் எங்கே?" என்று கேட்டேன். பக்கங்களைப் புரட்டினான். இல்லை.

ஒரே ஒரு அறை, ஒரு மழைக்காலம், சொந்தச் சேமிப்பில் செய்து பார்த்து மீட்டர் ரீடிங்கோடு வா என்று திருப்பி அனுப்பினேன். முகம் தொங்கிப் போனது. பழம் பழுத்தால் எனக்கு ஒரு டப்பா கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். கோபத்தில் சொன்னானா என்று தெரியவில்லை. வீட்டுப் பத்திரம் இப்போதைக்கு அவன் அப்பா பீரோவில்தான் இருக்கிறது.