நட்டஈடும் களரியும்

1915ஆம் ஆண்டுக் கலவரத்தைப் பற்றி எங்கட ஆக்கள் எழுதியவை பெரும்பாலும் மே 28ஆம் திகதி இரவில் தொடங்கி ஜூன் முதற் கிழமையோடு முடிந்துவிடும். கம்பளை வல்லஹாகொட தேவாலயப் பெரஹரா, அம்பகமுவ வீதிப் பள்ளிவாசல், 1914 ஜூனில் கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் தந்த தீர்ப்பு, 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது, வெசாக் இரவில் காசல் ஹில் வீதியில் மூண்ட கைகலப்பு. இதெல்லாம் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். தீ அணைந்த பிறகு நட்டஈடு எப்படி வசூலிக்கப்பட்டது என்பதை அவ்வளவாக யாரும் தொடுவதில்லை. எனக்கு அந்தப் பகுதிதான் முக்கியமாகப் படுகிறது.

அரச கணக்கில் 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். 17 பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன, 86 சேதமாக்கப்பட்டன, 4,000க்கு மேற்பட்ட கடைகள் கொள்ளை போயின. ஆளுநர் சேர் ரொபட் சால்மர்ஸின் அரசாங்கம் ஜூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பிறகு கலகச் சேதங்களுக்கென்று தனிச் சட்டமும் வந்தது. விசேட ஆணையாளர்கள் சேதத்தை மதிப்பிட்டார்கள். அந்தந்தப் பகுதியில் வாழ்ந்த சிங்களவர்கள் எல்லாரிடமும் அந்தத் தொகை அறவிடப்பட்டது. கடையை உடைத்தவனும் கட்டினான். பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்தை உள்ளே ஒளித்து வைத்துக் காப்பாற்றியவனும் கட்டினான். யார் என்ன செய்தார் என்று கேட்பதற்கு அதில் இடமில்லை. இனம் பார்த்து அறவிட்டது, அவ்வளவுதான்.

சட்டசபையில் பொன்னம்பலம் இராமநாதன் இதை எதிர்த்துப் பேசினார். 1916இல் இலண்டனில் அதை நூலாகவும் வெளியிட்டார். 1888இல் சோனகரின் இனவரலாறு பற்றி அவர் வாசித்த கட்டுரையும், அதற்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் எழுதிய மறுப்பும் நினைவிலிருந்ததால், அவர் சிங்களத் தலைவர்களுக்காக எழும்பியதை எங்கட ஆக்கள் இரண்டாவது துரோகமாகவே எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கூட்டுத் தண்டம் பிழை என்று அவர் சொன்ன அந்த ஒரு விடயத்தில் அவர் பக்கமும் நியாயம் இருந்தது என்பதை நூறு வருஷம் கழிந்த பிறகாவது சொல்லலாம். கடைக்காரருக்குக் காசு கிடைத்தது, அது அவருடைய உரிமை. ஆனால் என்ன நடந்தது என்று இரு தரப்பும் ஒரே இடத்திலிருந்து பேசின ஒரு நாள்கூட வரவில்லை. இன்று பாடசாலைப் பிள்ளைகளிடம் 1915 என்றால், சேனாநாயக்க சகோதரர்கள் சிறை போன ஆண்டு என்பார்கள். எரிந்த கடை அந்தப் பதிலில் இல்லை.

103 வருஷத்துக்குப் பிறகு, 2018 மார்ச்சில், அதே கண்டி மாவட்டம். தெல்தெனியவில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி மார்ச் 3ஆம் திகதி மௌத்தானார். அடுத்த இரண்டு நாளில் திகனவிலும் சுற்றுப்புறங்களிலும் பள்ளிகள், கடைகள், வீடுகள் எரிந்தன. எரிந்த வீட்டுக்குள் எங்கட இளைஞர் ஒருவரும் மௌத்தானார். 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம் வந்தது. அதே வருஷம் நிறைவேறிய 34ஆம் இலக்க இழப்பீட்டு அலுவலகச் சட்டம், தனி ஆளுக்கான இழப்பீட்டோடு ‘கூட்டு இழப்பீடு’ என்பதையும் பேசுகிறது. 1915இன் கூட்டுத் தண்டம் குற்றத்தை ஓர் இனத்தின் தலையில் போட்டது. இந்தக் கூட்டு இழப்பீடு, பாதிக்கப்பட்ட சமூகத்துக்கு நினைவுகூரலையும் கல்வியையும் தருவதாகச் சொல்கிறது. நல்ல விடயம்தான். ஆனால் திகனச் சந்தியில் அது எந்த உருவத்தில் வரும்?

நாடகத்தைப் பற்றி யோசிக்க வேண்டியது இந்த இடத்தில்தான். பிரேசிலைச் சேர்ந்த ஒகஸ்தோ போல் 1973இல் பெரு நாட்டில் எழுத்தறிவுத் திட்டமொன்றில் வேலை செய்தபோது நடந்ததாக ஒரு சம்பவம் சொல்வார். கணவன் ‘முக்கியமான ஆவணம்’ என்று பத்திரப்படுத்தத் தந்த கடிதங்கள் அவனுடைய கள்ளக் காதலியின் கடிதங்கள் என்று, எழுதப் படிக்கத் தெரியாத மனைவிக்குப் பிறகு தெரியவருகிறது. அவன் வீட்டுக்கு வரும்போது என்ன செய்வது? அவளுடைய கதையை நடித்துக் காட்டி, சபையிடம் வழி கேட்டார்கள். ஒரு பருத்த பெண் சொன்னாள்: அவனோடு தெளிவாகப் பேசட்டும், அதற்குப் பிறகு மன்னிக்கட்டும். நடிகை பேசிப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்குத் திருப்தியில்லை. மறுபடியும் பேசினாள், அப்போதும் இல்லை. கடைசியில் போல் அவளையே மேடைக்கு வரச் சொன்னார். அவள் ஏறி வந்து, தும்புத்தடி ஒன்றை எடுத்து அந்த நடிகனை நன்றாகச் சாத்தினாள். சாத்தி முடித்த பிறகுதான் மன்னித்தாள். ‘தெளிவாகப் பேசுவது’ என்று அவள் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. பார்வையாளர் நாடகத்தை நிறுத்தி, நடிகரின் இடத்தில் தானே நிற்கும் அரங்கு இப்படித்தான் பிறந்தது. அதே பெருவில், 2002இல் உண்மை ஆணைக்குழு பகிரங்க விசாரணை நடத்திய ஊர்களின் சந்தைகளில் யுயாச்கானி என்ற குழு நடித்தது. சாட்சி சொல்லப் பயந்திருந்த மக்களுக்கு விசாரணை அந்நியமாகத் தெரியாதிருக்க அது உதவியது.

எங்கட மலைக்கு இது வெளியூர்ச் சரக்கு என்று நினைக்கத் தேவையில்லை. தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்து ஆடும்போது லயமே சேர்ந்து ஆடுகிறது, எரிந்த காமனை மூன்றாம் நாள் எழுப்புகிறது. சிங்களக் கிராமங்களின் ‘சொகரி’ அறுவடை முடிந்த களத்தில், சனம் சுற்றிவர நிற்க ஆடுவது. பராக்கிரம நிரியெல்லவும் எச்.ஏ. பெரேராவும் தொடங்கிய ‘மக்கள் களரி’ சிங்கள, தமிழ் இளைஞர்களைச் சேர்த்து, இரு மொழியிலும் நாடகம் போட்டு ஊர் ஊராகப் போனது. இந்த மூன்றிலும் எங்கட ஆக்கள் எத்தனை பேர்? நாடகம் கூடுமா கூடாதா என்ற கேள்வியிலேயே நாங்கள் நின்றுவிட்டோம். யூசுப் நபியின் சரித்திரத்தைப் பயானில் கேட்கிறவர்களுக்கு ஒன்று தெரியும். சகோதரர்கள் தாங்கள் செய்த தவறைத் தங்கள் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார்கள், அவர்கள் மேல் பழியில்லை என்ற வார்த்தை அதன் பிறகு வருகிறது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நாடகம் போட்டோம், கண்ணீர் விட்டோம், கணக்கு முடிந்தது என்று அரசாங்கமோ தொண்டு நிறுவனமோ கை கழுவ இது வழியாகிவிடக் கூடாது. எரிந்த கடைக்குரிய காசு முழுதாக வர வேண்டும். அதோடு, பாதிக்கப்பட்டவரையே மேடையேற்றித் தன் காயத்தைத் திறந்து காட்டச் சொல்வதும் கொடுமை.

அதனால் வத்தேகம, பன்வில, மடுல்கெல்ல பக்கம் யாரும் இதைத் தொடங்குவதானால் 2018ஐ முதலில் எடுக்க வேண்டாம் என்பேன். 1915ஐ எடுக்கலாம். அதில் குற்றவாளியும் இல்லை, முறைப்பாட்டுக்காரரும் இல்லை, எல்லாரும் மண்ணுக்குள் போய்விட்டார்கள். முதற் காட்சியில் கலவரம் முடிந்திருக்கட்டும். ஆணையாளர் மேசையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். கடையை இழந்த முஸ்லிம் வரிசையில் நிற்கிறார். அவரை ஒளித்து வைத்துக் காப்பாற்றிய சிங்களவர், கட்ட வேண்டிய தண்டத்தோடு அதே வரிசையில் பின்னால் நிற்கிறார். அந்த இடத்தில் நாடகத்தை நிறுத்திவிட்டு, யார் எழும்பி வருகிறார்கள் என்று பார்க்கலாம்.