கேமரன் மலைத் தோட்டங்களும் போலித் துப்பாக்கிச் சட்டமும்

மெய்த் துப்பாக்கியின் உருவில் அமைந்து, சிறு நெகிழிக் குண்டுகளைக் காற்றழுத்தத்தால் எய்யும் 'ஏர்சாஃப்ட்' துப்பாக்கி பல நாடுகளில் பொழுதுபோக்குக் கருவியாகும். மலேசியாவிலோ அது 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் குறிக்கும் போலி ஆயுதங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. ஆர்வலர்கள் இதனை மிகையான கண்டிப்பு என்பர். அக்கண்டிப்பின் வரலாற்றுப் பின்புலத்தைக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பகாங் மாநிலத்தைச் சேர்ந்த கேமரன் மலையில் 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தோற்றுவித்தார். காட்டைத் திருத்தித் தேயிலை நட்டுக் கொழுந்து பறித்தவர்களுள் தமிழ்த் தொழிலாளர் பெரும்பங்கினர் ஆவர்.

1948 ஜூன் 16ஆம் நாள் அண்டை மாநிலமான பேராக்கின் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்டத்துரைமார் மூவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பெற்றது. தோட்டத்துரைமார் ஆயுதம் தாங்கினர். தோட்டங்களுக்குச் சிறப்புக் காவலர் அமர்த்தப்பட்டனர். மறுபுறம், உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்போர்க்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக விளங்கிய எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்தின்பேரில் 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஆகவே, துரையின் கையில் பாதுகாப்பாகக் கருதப்பட்ட துப்பாக்கி, தொழிலாளியின் கையில் தூக்குக் கயிறாக மாறியது எனலாம்.

அவசரகாலம் 1960 ஜூலை 31ஆம் நாள் முடிவுற்றது. ஆயுதச் சட்டமும் அவ்வாண்டிலேயே இயற்றப்பட்டது. 1971இல் சுடுகலன் குற்றங்களுக்கான தண்டனைகளை மிகுவிக்கும் தனிச்சட்டம் தோன்றியது. அச்சமே ஆயுதமாகும் தருணத்தில் மெய்க்கும் போலிக்கும் வேறுபாடில்லை என்னும் எண்ணத்தை இச்சட்டங்களில் காண்கிறோம்.

பிரிட்டனில் நிகழ்ந்தது வேறு. அங்கு 2006ஆம் ஆண்டின் வன்குற்றக் குறைப்புச் சட்டம் மெய்போல் தோன்றும் போலித் துப்பாக்கிகளின் விற்பனையைத் தடுத்தது. காப்புறுதியுடன் நடைபெறும் ஏர்சாஃப்ட் ஆட்டங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது; ஏர்சாஃப்ட் விற்பனையாளர்கள் விளையாட்டுக் களங்கள் வழியாக ஆட்டக்காரர் பதிவு முறையை ஏற்படுத்தினர். மலாயாவில் துப்பாக்கிக்குத் தூக்குத் தண்டனை விதித்த அரசு, அரை நூற்றாண்டுக்குப் பின் தன் குடிகளின் விளையாட்டுக்கு வழிவிட்டமை இங்கு எண்ணத்தக்கது. மலேசியாவில் வண்ணக் குண்டு ஆட்டமாகிய பெயிண்ட்பால், உரிமம் பெற்ற களங்களில் நடைபெறுகிறது.

தளர்வு வேண்டுவோர் இவ்வரலாற்றை அறிந்து வாதிடுதல் நலம். ஆளுவோரும் பழைய அச்சத்தையும் இன்றைய இடரையும் பிரித்தறிதல் வேண்டும். துப்பாக்கியின் நிழலில் வாழ்ந்த தோட்டத்து முதியோர் குறைந்து வருகின்றனர். அவர்தம் நினைவுகளை மாணவரைக்கொண்டு பதிவுசெய்தல் தமிழாசிரியர்களாகிய நம் உடனடிக் கடமையாகும்.