பழைய கார்களும் படிவு நீக்கும் எண்ணெய்களும்

அமெரிக்காவில் எந்த வாகன உதிரிபாகக் கடைக்குள் நுழைந்தாலும் எஞ்சின் ஆயில் குடுவைகள் ஒரு சுவர் முழுக்க அடுக்கப்பட்டிருக்கும். அதில் ஒரு பகுதி 'ஹை மைலேஜ்' என்ற பெயரைத் தாங்கி நிற்கும். 2024ம் ஆண்டு முதல் அதன் பக்கத்தில் இன்னொரு ரகமும் இடம் பிடித்திருக்கிறது. எஞ்சினுக்குள் ஆண்டுக்கணக்கில் படிந்துபோன கரியைக் கரைத்து எடுத்துவிடும் என்று சொல்லி விற்கப்படும் எண்ணெய் அது. வால்வோலின் நிறுவனத்தின் 'ரெஸ்டோர் அண்ட் புரொடெக்ட்' இந்த வகையில் அதிகம் பேசப்படுகிறது. 1,50,000 மைலைத் தாண்டிய கார் வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது உண்மையிலேயே வேலை செய்யுமா, வெறும் விளம்பரமா?

கேள்வி சின்னது, அதன் பின்னால் இருக்கும் பணம் சின்னதல்ல. எண்ணெய் குடிக்கும் எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்கவோ மாற்றவோ ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும். 5 குவார்ட் எண்ணெய்க் குடுவை சுமார் முப்பது டாலர். பேருந்து வசதியில்லாத ஊரில் படிக்கும் மாணவருக்கும், புதிதாகக் குடியேறி இரண்டு இடங்களில் வேலை பார்ப்பவருக்கும் இந்த வித்தியாசம் வாழ்க்கைப் பிரச்சினை. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிவினால் வந்த நோய் என்றால் இந்த எண்ணெய்கள் மெதுவாக உதவக்கூடும். தேய்மானத்தால் வந்த நோய் என்றால் உதவாது. எனவே எந்த எண்ணெய் என்று யோசிப்பதற்கு முன் எந்த நோய் என்று பார்க்க வேண்டும்.

எல்லா எண்ணெயும் ஓரளவு கழுவும்

தரச் சான்று பெற்ற எந்த எஞ்சின் எண்ணெயிலும் துப்புரவுக்கென்று இரண்டு வகை வேதிப்பொருட்கள் கலக்கப்படுகின்றன. முதலாவது டிடர்ஜென்ட். கால்சியம் அல்லது மக்னீசியத்தின் சல்ஃபோனேட், ஃபீனேட், சாலிசிலேட் உப்புகள் இவை. சூடான உலோகப் பரப்பில் பிசுக்கு ஒட்டாமல் தடுப்பதும், பெட்ரோல் எரிவதால் உண்டாகும் அமிலத்தை முறிப்பதும் இவற்றின் வேலை. இரண்டாவது டிஸ்பர்சன்ட். சோப்பு மூலக்கூறைப் போல இதற்கும் இரண்டு முனைகள். ஒரு முனை கரித்துகளைப் பற்றிக்கொள்ளும், நீண்ட வால் எண்ணெயில் மிதக்கும். இதனால் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து திரளாமல் எண்ணெயிலேயே அலைந்து, எண்ணெய் மாற்றும்போது வெளியேறுகின்றன. எண்ணெய் கறுத்துவிட்டால் கெட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அது வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதற்கான அடையாளம்.

இந்தப் பொருட்கள் எதுவும் கலக்காத எண்ணெய்க்கு அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வைத்த பெயர் 'எஸ்ஏ'. 1930க்குப் பிறகு தயாரான பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு அது ஏற்றதல்ல என்று அதே கழகம் எச்சரிக்கிறது. அங்கிருந்து எழுத்து வரிசையில் ஏறி வந்து 2020ல் 'எஸ்பி', 2025ல் 'எஸ்க்யூ' என்ற தரங்கள் அறிமுகமாயின.

ஆனால் சாதாரண எண்ணெயின் துப்புரவு பெரும்பாலும் வருமுன் காக்கும் வகை. வேட்டியில் கறை படாமல் பார்த்துக்கொள்வது ஒரு வேலை, பல வருஷத்து வாழைக்கறையை எடுப்பது வேறு வேலை. புதிய ரகங்கள் இந்த இரண்டாவது வேலையைச் செய்வதாகச் சொல்கின்றன.

இரண்டு வகை அழுக்கு

எஞ்சினுக்குள் சேரும் அழுக்கு ஒரே மாதிரியானதல்ல. ஒன்று ஸ்லட்ஜ் எனப்படும் கறுப்புக் களிம்பு. கடைக்கும் பள்ளிக்கூடத்துக்குமாகக் குறைந்த தூரமே ஓடும் காரில் எஞ்சின் முழுதாகச் சூடேறுவதில்லை. நீராவியும் எரியாத பெட்ரோலும் எண்ணெயில் கலந்து, ஆவியாகாமல் தங்கிவிடுகின்றன. எண்ணெய் மாற்றுவதையும் தள்ளிப்போட்டால் அது வால்வு மூடியின் அடியிலும் சம்ப்பிலும் கூழாக உறைகிறது. இது பிரபலமான கார்களையும் விட்டுவைக்கவில்லை. 1997 முதல் 2002 வரை தயாரான சில டொயோட்டா, லெக்சஸ் மாடல்களில் ஸ்லட்ஜ் புகார்கள் குவிந்தன. 2002ல் அந்நிறுவனம் சுமார் 33 லட்சம் வண்டிகளுக்குச் சிறப்பு உத்தரவாதம் அறிவிக்க நேர்ந்தது.

இன்னொன்று சூட்டினால் வருவது. மெல்லிய பழுப்புப் பூச்சாகத் தொடங்கி, காலப்போக்கில் கெட்டியான கரியாக இறுகுவது. இதன் தலைமையிடம் பிஸ்டனின் பக்கவாட்டில், ரிங்குகள் உட்காரும் பள்ளங்கள்.

பொதுவாகப் பிஸ்டனில் மூன்று ரிங்குகள் உண்டு. மேலே இரண்டும் எரிவாயுவின் அழுத்தத்தைத் தடுப்பவை. மூன்றாவது எண்ணெய் ரிங். சிலிண்டர் சுவரில் அதிகமாக இருக்கும் எண்ணெயை வழித்து, பள்ளத்தின் பின்னால் உள்ள சிறு துளைகள் வழியாகக் கீழே அனுப்புவது இது. அந்தத் துளைகளைக் கரி அடைத்தால் வழித்த எண்ணெய்க்குப் போக்கிடமில்லை. ரிங்கும் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு சுவரை அழுத்த மறுக்கும். எண்ணெய் மேலேறி எரியும். காலையில் வண்டியைக் கிளப்பும்போது நீலப்புகை வரும், டிப்ஸ்டிக்கில் அளவு இறங்கும், எரிந்த எண்ணெயில் இருக்கும் பாஸ்பரஸ் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சிறிது சிறிதாகக் கெடுக்கும். எரிபொருள் சிக்கனத்துக்காகப் பிற்கால எஞ்சின்களில் ரிங்குகளின் இறுக்கத்தைக் குறைத்திருக்கிறார்கள். இறுக்கம் குறைந்த ரிங் கொஞ்சம் கரிக்கே அடங்கிவிடும்.

இதற்கும் பொதுவில் பதிவான உதாரணம் உண்டு. 2007ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த கேம்ரி முதலிய சில மாடல்களின் 2.4 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின். எண்ணெய் அதிகம் செலவாகிறது என்ற புகார்களுக்குப் பிறகு, 2015ல் டொயோட்டா உத்தரவாதத்தை நீட்டித்தது. 1,200 மைலுக்கு 1 குவார்ட்டுக்கு மேல் குறைந்தால் பிஸ்டன்களையும் ரிங்குகளையும் மாற்றித் தந்தது. அந்தக் காலக்கெடு முடிந்துவிட்டது. ஆனால் அந்தக் கார்கள் பல இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

'ஹை மைலேஜ்' வேறு, படிவு நீக்கி வேறு

கடை அலமாரியில் அருகருகே இருந்தாலும் இவற்றின் நோக்கம் ஒன்றல்ல. 75,000 மைலைத் தாண்டிய கார்களுக்கென்று வால்வோலின் 2000ம் ஆண்டில் 'மேக்ஸ்லைஃப்' எண்ணெயைக் கொண்டுவந்தது. பிற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. இந்த வகையின் சிறப்பு அம்சம் ரப்பர் சீல்களை மென்மையாக்கிச் சற்றே உப்பச் செய்யும் பொருட்கள். வயதாகி இறுகிய சீல் வழியாக எண்ணெய் கசிந்தால் இது ஓரளவு பயன்படும். ரிங் பள்ளத்தில் இறுகிய கரிக்கு இது மருந்தல்ல.

படிவைக் கரைக்க வேண்டுமானால் எண்ணெய்க்கே கரைக்கும் திறன் வேண்டும். நன்றாகச் சுத்திகரித்த நவீன அடிப்படை எண்ணெய்கள் சூட்டைத் தாங்கும், ஆனால் பிசுக்கைக் கரைப்பதில் மந்தமானவை. எஸ்டர், ஆல்கைலேட்டட் நாப்தலீன் போன்ற மின்முனைவு மிகுந்த அடிப்படை எண்ணெய்களுக்கு அந்தத் திறன் அதிகம். உலோகத்தில் ஒட்டியிருக்கும் பிசினுக்கும் உலோகத்துக்கும் நடுவே அவை புகுந்துகொள்ளும். அடிப்பிடித்த பால் பாத்திரத்தைச் சுரண்டாமல் இரவு முழுக்க ஊறவைப்பது போன்ற வைத்தியம் இது. ஊறுவதற்கு நேரம் வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம்.

இதற்கு நேர்மாறானது 'ஃப்ளஷ்' எனப்படும் அவசர வைத்தியம். மண்ணெண்ணெய் இனத்துக் கரைப்பானை எண்ணெயில் ஊற்றிச் சில நிமிடங்கள் எஞ்சினை ஓடவிட்டு வடித்துவிடுவார்கள். மெல்லிய அழுக்கு போகலாம். இறுகிய கரிக்குச் சில நிமிடம் போதாது. களிம்பு மிகுந்த எஞ்சினில் அது கட்டிகளாகப் பெயர்ந்து, சம்ப்பில் எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைத்தால் எண்ணெய் அழுத்தம் விழுந்து எஞ்சினே போய்விடக்கூடும். ஊறவைக்கும் முறைக்கு நான் ஆதரவு தருவது இதனால்தான்.

சோதனையும் விளம்பரமும்

பிஸ்டன் படிவை அளக்க அமெரிக்கத் தரநிர்ணயத்தில் ஒரு சோதனை உண்டு. கிரைஸ்லரின் 3.6 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினை 90 மணி நேரம், எண்ணெய் 151 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்குமாறு ஓட்டி, பிறகு பிரித்துப் பிஸ்டனுக்கு மதிப்பெண் போடுவார்கள். பளிங்காக இருந்தால் 10. 'எஸ்பி' தரத்துக்குத் தேவையான தேர்ச்சி மதிப்பெண் 4.2. அதாவது சான்று பெற்ற எண்ணெயும் பிஸ்டனைப் பளபளப்பாக வைத்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. இந்த இடைவெளியில்தான் புதிய ரகங்களுக்குச் சந்தை.

'100 சதவீதம் வரை படிவு நீக்கும்' என்ற விளம்பர வாசகத்தில் 'வரை' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சொன்ன முறைப்படி தொடர்ந்து பயன்படுத்தினால் என்ற நிபந்தனையும் கூடவே வருகிறது. ஒரே தடவை ஊற்றிவிட்டு அற்புதத்தை எதிர்பார்ப்பவர்களுக்கு இது பொருந்தாது. நான்கு எண்ணெய் மாற்றமாவது தொடர்ந்து போட்டுப் பார்க்க வேண்டும். 5,000 மைலுக்கு ஒரு மாற்றம் என்றால் அது 20,000 மைல். பலருக்கு ஒன்றரை வருஷம்.

தனிப்பட்டவர்கள் 'எனக்கு வேலை செய்தது' என்று சொல்வதை நான் மறுக்கவில்லை, ஆனால் எடை போட்டுத்தான் எடுத்துக்கொள்கிறேன். 5டபிள்யூ-20 ஊற்றியவர் 5டபிள்யூ-30க்கு மாறினாலே எண்ணெய்ச் செலவு குறையலாம். நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டிய மாதத்துக்கும் ஊருக்குள் ஓட்டிய மாதத்துக்கும் கணக்கு வேறுபடும். இன்னொன்று, விலை கூடிய எண்ணெய் வாங்குபவர் அதைக் காலம் தவறாமல் மாற்றவும் தொடங்குகிறார். பலன் எண்ணெயால் வந்ததா, ஒழுங்கால் வந்ததா என்று பிரிப்பது கடினம்.

எண்ணெய் எட்டாத இடங்கள்

எந்த எண்ணெயும் தான் பாயும் இடத்தைத்தான் கழுவும். பிஸ்டனின் தலைமேல் படியும் கரிக்கு எரிபொருளில் கலக்கும் பாலிஈதர்அமீன் மருந்துதான் பொருத்தம். பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சின்களில் உட்கொள் வால்வின் பின்புறம் சேரும் கரியை எஞ்சின் எண்ணெயும் கழுவாது, பெட்ரோலும் கழுவாது. அதைத் திறந்துதான் சுத்தம் செய்ய வேண்டும். கீறல் விழுந்த சிலிண்டர் சுவர், தேய்ந்த ரிங், தேய்ந்த பேரிங் ஆகியவற்றைத் திரும்ப வளர்க்கும் எண்ணெய் கிடையாது.

வாங்குவதற்கு முன்

முதலில் அளந்து பாருங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஒவ்வொரு 500 மைலுக்கும் அதே முறையில் குறித்து வாருங்கள். என் காரில் இதற்கென்றே ஒரு சிறு நோட்டு கிடக்கிறது. பல கார்களில் டிப்ஸ்டிக்கின் இரு குறிகளுக்கு இடையே சுமார் 1 குவார்ட்.

அடுத்தது மலிவான காரணங்களை விலக்குவது. வெளியே கசிகிறதா என்று வால்வு மூடியின் ஓரத்தையும் அடிப்புறத்தையும் பாருங்கள். பிசிவி வால்வு அடைத்திருந்தால் அதுவே எண்ணெய் உறிஞ்சப்படக் காரணமாகலாம். பல கார்களில் மிகக் குறைந்த விலைக்கு மாற்றிவிடலாம். கம்ப்ரெஷன் சோதனையில் ஒரு சிலிண்டர் மட்டும் மிகவும் பின்தங்கினால் குடுவையை வைத்துவிட்டு நல்ல மெக்கானிக்கைத் தேடுங்கள்.

இவற்றில் குறையில்லை, எண்ணெய் மட்டும் குறைகிறது என்றால் படிவு என்று சந்தேகிக்கலாம். காரின் கையேடு சொல்லும் தரத்திலும் தடிப்பிலும் படிவு நீக்கும் எண்ணெயை ஊற்றி, முதல் சுற்றில் வடிகட்டியை 2,000 மைல் அளவிலேயே மாற்றிவிடுங்கள். பெயர்ந்த கரியால் வடிகட்டி அடைத்துப்போனால் அதன் மாற்றுவழி திறந்து வடிகட்டாத எண்ணெய் எஞ்சினுக்குள் போகும். இடையில் அளவு குறையக் குறைய நிரப்புவதை நிறுத்தவேண்டாம். கழுவும் எண்ணெய் ஊற்றிய நம்பிக்கையில் டிப்ஸ்டிக்கைப் பார்க்காமல் விட்டு, எண்ணெய் வற்றிய எஞ்சினைக் காப்பாற்ற யாராலும் முடியாது.

நான்கு மாற்றங்களுக்குப் பிறகும் நோட்டில் உள்ள எண் இறங்கவில்லை என்றால் அது தேய்மானம் என்று எடுத்துக்கொண்டு, மாதம் ஒரு குவார்ட் ஊற்றி ஓட்டுவதா, வண்டியை விற்பதா என்று முடிவு செய்யலாம். அப்போதும் நஷ்டம் பெரிதல்ல. எப்படியும் மாற்ற வேண்டிய எண்ணெயைத்தான் மாற்றியிருக்கிறீர்கள். எஞ்சினை மாற்றச் சொல்லும் ஆயிரக்கணக்கான டாலர் மதிப்பீட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் செய்து பார்க்க வேண்டிய சோதனைகளில் இதுவும் ஒன்று.